அமெரிக்க அம்மாவும் மன்னார்குடிக் கல்யாண சிடியும்

கல்யாண வீடியோ எடுக்கிறவனைப் பார்த்து, "ஏன் கேமராவை நிறுத்தினாய்?" என்று கேட்டால் அவனுக்குக் கோபம் வராதா? எனக்கு வந்தது. அதுவும் கேட்டது ஓர் அமெரிக்க அம்மா. துபாயில் தொழிலாளர்கள் தங்கும் அல் கூஸ் லேபர் கேம்ப் முற்றத்தில், அத்தனை பேர் பார்க்க, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "போட்டோவுக்கு நின்றது முடிந்துவிட்டது, நிறுத்தினேன்" என்றேன். "எனக்கு வேண்டியது இப்போதுதானே ஆரம்பிக்கிறது!" என்று கத்தினார். இது என்ன கிறுக்குத்தனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மறுபடியும் பொத்தானை அமுக்கினேன்.

அப்போது நான் துபாய் கராமாவில் ஒரு சின்ன வீடியோ ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் அதிராம்பட்டினம். துபாய்க்கு மெட்ரோ ரயில் வராத காலம். எங்கே திரும்பினாலும் கிரேன், எங்கே திரும்பினாலும் தோண்டிய குழி. ஆனால் ஜனங்கள் மோதிரம் மாற்றுவதையும் கேக் வெட்டுவதையும் நிறுத்தவில்லை, அதனால் எனக்கும் ஓய்வில்லை. தமிழர் வீட்டு நிச்சயதார்த்தம், மலையாளிகளின் ஓண விருந்து, யாரோ ஒரு டாக்டர் மகளின் அரங்கேற்றம் என்று எல்லாவற்றுக்கும் தோளில் கேமராவோடு நான்தான் போவேன். அதற்கு முன்னால் ஊரிலும் வருடக்கணக்கில் கல்யாணம் எடுத்தவன். என் தொழிலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது அடக்கத்துக்காக.

அந்த அம்மா ஸ்டூடியோவுக்குள் வந்தது ஒரு மைக்கை வாடகைக்குக் கேட்டுக்கொண்டு. கூட வரவேண்டிய ஒலிப்பதிவாளருக்கு விசா கிடைக்கவில்லையாம். அறுபது வயதிருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். தொளதொளவென்று ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, அதன் பைகளில் படம் வரையும் கரித்துண்டுகளும் டேப்புகளும் பிதுங்கிக்கொண்டிருந்தன. டாக்குமென்டரி எடுக்கிறவர், ஓவியரும்கூட. கல்ஃபில் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நடுவே போய்வரும் போட்டோக்களையும் வீடியோக்களையும் பற்றி ஒரு படம் எடுக்க வந்திருந்தார். மைக் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும், அந்த ஆளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நல்லது என்றார். முதலாளி என்னைக் கை காட்டினார். அமெரிக்கப் படத்தில் நமக்கு வேலை என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் குஷியில் முதல் நாளே ஏற்பாட்டில் இறங்கிவிட்டேன். அல் கூஸ் கேம்பில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் இருந்த ஓர் அறைக்குப் போன் போட்டு, "நாளைக்கு ஷூட்டிங், எல்லாரும் குளிச்சு ரெடியா இருங்க" என்று சொன்னேன். சும்மா மைக் பிடித்துக்கொண்டு நிற்க நான் என்ன கம்பமா, என்று என் கேமராவையும் எடுத்துக்கொண்டேன். நாங்கள் போய் இறங்கியபோது முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு, பின்னால் பூப்போட்ட பெட்ஷீட் கட்டி, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்து, கல்யாண ரிசப்ஷன் மேடையே தயாராக இருந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் முகத்தில் பவுடருமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக மேடையேறி, அந்த அம்மா பக்கத்தில் நின்று, கேமராவை முறைத்துப் பார்த்து, கை குலுக்கி, அந்தப் பக்கமாக இறங்கிப் போனார்கள். ஒருவர் ஜிகினாத்தாள் சுற்றிய பரிசு வேறு கொடுத்தார். பிரித்தால் சோப்பு.

எனக்குப் பெருமை தாங்கவில்லை, அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் கடைசி ஆள் வரைக்கும் மரியாதையாக நின்று கொடுத்தார். மேடையை விட்டு இறங்கியவர்கள் ஓரமாகப் போய், இழுத்துப் பிடித்த மூச்சை விட்டு, காலர் பட்டனைக் கழற்றி, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதை ஏன் எடுக்கவில்லை என்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு என் கேமரா பைக்குள் போயிற்று. மறுநாளிலிருந்து நான் வெறும் மைக் ஆள்தான்.

வண்டியில் போகும்போதும் வரும்போதும் அந்த அம்மா பேசிக்கொண்டே வருவார். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் பிறந்து, படம் வரையப் படிக்கப் பட்டணத்துக்குப் போனவர். ஓவியப் பள்ளியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து எல்லோரும் வரைவார்களாம். மணி அடித்ததும் அந்தப் பெண் கழுத்தைச் சொடுக்கி, வாய் நிறையக் கொட்டாவி விட்டு, மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொள்வாளாம். அதைப் பார்த்ததும் இவருக்கு, இவ்வளவு நேரம் நாம் வரைந்தது வேறு யாரையோ என்று தோன்றிவிட்டது. இரவல் கேமரா ஒன்றில் அந்தக் கொட்டாவியை எடுத்தார். அதுதான் முதல் படம். "அதற்கப்புறம் இரண்டு கணவர்கள் வந்தார்கள், போனார்கள். கேமரா மட்டும் போகவில்லை" என்று சொல்லிவிட்டு, சாலை அதிரச் சிரிப்பார்.

துணி துவைக்கும் கடை ஒன்றில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தாராம், பஸ் டிப்போ ஒன்றில் இன்னொரு படம். ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் ஆயிற்றாம். நடுவில் ஓவியக் கண்காட்சி மாதிரியும் ஏதோ வைப்பார். பழைய சாமான் சந்தைகளில் யார் யாரோ போட்டுவிட்டுப் போன வீட்டு வீடியோக்களை அள்ளிவந்து, அவற்றில் கேமரா ஆடிய இடம், ஆள் குறுக்கே நடந்த இடம், அணைக்க மறந்த இடம் எல்லாவற்றையும் ஒட்டி, ஓர் அறையின் நான்கு சுவரிலும் ஓடவிடுவாராம். "நாங்கள் வெட்டித் தூர எறிவதையா?" என்று கேட்டேன். "அதேதான். இனிமேல் எறியாதே, எனக்கு அனுப்பு" என்றார். அமெரிக்காவில் இதற்கெல்லாம் ஆள் வருகிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

கேம்பிலோ கேமராவைத் தொடவே மாட்டேன் என்கிறார். தினமும் சாயங்காலம், ஆட்கள் டூட்டி முடிந்து வரும் நேரத்தில் போவோம். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்னில் உட்கார்ந்து அவர்களோடு வெங்காயம் நறுக்குவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், கரித்துண்டால் ஏதாவது வரைவார். பார்த்துப் பார்த்து ஆட்களுக்கே பொறுமை போய்விட்டது. "என்ன பாய், மேடம் படம் எடுக்க வந்தாங்களா, வெங்காயம் வெட்ட வந்தாங்களா?" என்று என்னைக் கேட்டார்கள்.

அவர் அதிகம் வரைந்தது ஒரே ஆளைத்தான். ஷட்டரிங் கார்பென்டர், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிறவர். மன்னார்குடிப் பக்கம். ஐம்பதைத் தொட்டவர், அதிகம் பேச மாட்டார். கேமராவையும் வெள்ளைக்காரியையும் கண்டு விறைத்துக்கொள்ளாத ஒரே ஆளும் அவர்தான். அவர் மனசு முழுக்க வேறு இடத்தில் இருந்தது, அதனால் விறைக்க நேரமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மாப்பிள்ளை சிங்கப்பூர். அவருக்குக் கொஞ்ச நாள்தான் லீவு, அதனால் நிச்சயம் செய்த சூட்டோடு கல்யாணம். இங்கே சைட்டில் மேல்மாடிகளுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த நேரம். "லீவு மாஃபி", அதாவது லீவு கிடையாது, என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மகளுக்குத் தாலி ஏறிய காலையில் மன்னார்குடிக்காரர் எங்கோ உயரத்தில் நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் முதல் நாளே மகளிடம் போனில் ஒன்று கேட்டிருந்தார். "தாலி கட்டுறப்ப ஒரே ஒரு தடவ நிமுந்து கேமராவ பாரு பாப்பா. அப்பா அதுக்குள்ளாறதான் இருப்பேன்." சரிப்பா என்று மகளும் சொல்லியிருந்தாள். இது அந்த அறை முழுக்கத் தெரியும். இப்போது கல்யாண சிடி ஊரிலிருந்து ஓர் ஆள் கையில், அதிரசத்தோடும் முறுக்கோடும் வந்து சேர்ந்திருந்தது.

கல்ஃபில் இதற்கு ஒரு முறை உண்டு. ஊர்க் கல்யாண சிடியை யாரும் தனியாகப் போட்டுப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அறையே சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும். யார் வீட்டுக் கல்யாணமோ அவருக்கு டிவிக்கு முன்னால் தரையில் இடம். மற்றவர்களெல்லாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரிதான், குறை சொல்வது உட்பட.

விஷயத்தை நான் அந்த அம்மாவிடம் சொன்னதும் பெயின்ட் டின் உருண்டோட எழுந்தார். "முதல் தடவை பார்க்கப் போகிறாரா? மகள் தன்னைப் பார்க்கிறாளா என்று பார்க்கப் போகிறாரா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண் பளபளத்தது. பத்து வயசுப் பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே குதித்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். எடுக்கலாமா என்று மன்னார்குடிக்காரரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "நா அழுவ மாட்டேன் பாய். அதனால எடுத்துக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஃப்ரிட்ஜின் மேல் டிவி, மேலும் கீழுமாக இரட்டைக் கட்டில்கள் நிறைய ஆட்கள், பிரியாணி வாசனை. அந்த அம்மா கேமராவை எங்கே வைத்தார் தெரியுமா? டிவிக்குப் பக்கத்தில், டிவிக்கு முதுகைக் காட்டி! கல்யாணம் அந்தப் பக்கம் ஓடுகிறது, இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற ஆட்களை எடுக்கிறார். உலகத்தில் எந்தக் கேமராமேனும் செய்யாத வேலை. மைக்கை நீட்டிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

முதல் சிடி ஓடியது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள், பிறகு பனிமலைமேல் பறந்தார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு. "மாப்ள நல்ல வெயிட்டுதான்" என்றார் மேல் கட்டிலில் ஒருவர். பந்தி வந்ததும் அறை உயிர் பெற்றது. சாப்பிடுகிறவர்கள் முகத்தில் லைட்டைப் பாய்ச்சி, வாயில் வைத்த கையோடு ஒவ்வொருவரையும் எடுத்திருந்தார் அந்த ஊர் வீடியோக்காரர். "யோவ், அது என் பங்காளி! எத்தன அப்பளம் வாங்குறான் பாருய்யா!" என்று ஒருவர் கூவினார். மன்னார்குடிக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, ஆனால் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் கேமரா அவரை விட்டு நகரவில்லை.

இரண்டாவது சிடியில் முகூர்த்தம். அப்பா இடத்தில் பெரியப்பா நின்று தாரை வார்த்துக் கொடுத்தார். மன்னார்குடிக்காரர் ஒரு தடவை செருமிக்கொண்டார். தாலி தட்டில் சுற்றி வந்தது. ஐயர் தாலியை மாப்பிள்ளை கையில் எடுத்துக் கொடுத்தார், மாப்பிள்ளை குனிந்தார். அந்த நொடியில் டிவி முழுக்கச் சிவப்பு ரோஜா இதழ்கள் கொட்டின. ஒரு கோபுரம் வந்தது, கோயில் மணி ஆடியது. இதழ்கள் விலகியபோது தாலி ஏறிவிட்டிருந்தது. மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பிப் போடு" என்றார் மன்னார்குடிக்காரர். திருப்பிப் போட்டார்கள். இதழ், கோபுரம், மணி, குனிந்த தலை. இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் அதேதான். "சரி விடுங்க" என்றார் அவர். "அந்த நேரத்துல பாப்பாவுக்கு என்ன ஞாவகம் இருக்கும்? படபடப்புல மறந்துருக்கும்." எழுந்து, சாப்பிட்ட தட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டார்.

என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்டார். "மகள் பார்க்கவில்லை" என்றேன்.

"அவள் பார்க்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? பூவைத்தானே பார்த்தோம்! அந்த இடத்தில் எதற்குப் பூ?"

"தாலி கட்டும்போது பூப் போடுவது வழக்கம்."

"எதை மறைக்க?"

மறைக்கவெல்லாம் இல்லை, அழகுக்கு, என்று சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டேன். ஏனென்றால் எதை மறைக்க என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் கேமராவை மறைத்துவிட்டால் பூப் போடுவோம். லைட் வயர் குறுக்கே வந்தால் பூப் போடுவோம். அப்புறம், தாலி ஏறும் நேரத்தில் பெண் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்துவிட்டால் கட்டாயம் பூப் போடுவோம். குனிந்த தலை நிமிராமல் இருந்தால்தான் பெண் அடக்கமானவள். நிமிர்ந்து பார்த்ததை அப்படியே விட்டால் மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வரும், "என்னய்யா எடுத்து வச்சிருக்க?" என்று திட்டு எங்களுக்கு விழும். அதனால் அது தொழிலில் பிழை. ஊரில் நானே எத்தனை பெண்கள் முகத்தில் ரோஜாவைக் கொட்டியிருக்கிறேன்!

இதைத் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "அப்படியானால் பூவுக்கு அடியில் இருந்தது எங்கே?"

"டேப்பில் இருக்கும்."

"டேப் எங்கே?"

"அந்த ஊர் ஸ்டூடியோவில். ஆனால் சிடி கொடுத்தாயிற்று என்றால் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள்."

"அடுத்த கல்யாணம் எப்போது?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகூர்த்த மாதம். ஊரில் தினம் எங்காவது மேளம் கொட்டிக்கொண்டிருக்கும்.

சிடி உறையில் அச்சடித்திருந்த நம்பருக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அடுத்து அதிராம்பட்டினத்தில் என் லாத்தா, அதாவது அக்கா, வீட்டுக்கு அடித்து மச்சானைப் பிடித்தேன். "மச்சான், வண்டிய எடுத்துக்கிட்டு ஒடனே மன்னார்குடி போங்க. ஒரு கல்யாண டேப்ப வாங்கணும்" என்றேன். "யார் ஊட்டு கல்யாணம்?" என்று கேட்டார். "நமக்குத் தெரியாத ஊட்டு கல்யாணம்." "தெரியாத ஊட்டு கல்யாணத்துக்கு நான் எதுக்குடா போவணும்?" நியாயமான கேள்விதான். நான் போட்ட கூச்சலில் லாத்தா போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "அவன் அழுதுருவான் போல, போயிட்டு வாங்க" என்றாள். மச்சான் கிளம்பிவிட்டார்.

முற்றத்தில் அறை ஆட்கள் எல்லோரும் என் மொபைலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் ஓடிப்போய் டெலிபோன் கார்டு வாங்கிவந்தார், இன்னொருவர் தேயிலை போட்டுக்கொடுத்தார். ஈரக் கையோடு மன்னார்குடிக்காரர் வந்து, "என்ன பாய், என்ன சத்தம்?" என்று கேட்டார். "தாலி கட்டுன டேப்பு ஊர்ல இருக்கான்னு தேடுறோம்ண்ணே" என்றேன். அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அந்த அம்மா இங்குமங்கும் நடந்துகொண்டு, நடுநடுவே கேமராவைத் தூக்கி, போனில் கத்துகிற என்னையே எடுத்துக்கொண்டிருந்தார். "எதற்கு என்னை எடுக்கிறீர்கள்?" என்று பாய்ந்தேன். "நீ இப்போதுதான் அழகாக இருக்கிறாய், பேசு பேசு" என்றார். அந்த நேரத்திலும் அறை ஆட்கள் சிரித்தார்கள்.

மச்சானிடமிருந்து தகவல் வந்தது. ஸ்டூடியோ பூட்டியிருக்கிறது. வீடியோக்காரர் வடுவூரில் ஒரு ரிசப்ஷன் எடுக்கப் போயிருக்கிறார், டேப் பையும் அவரோடு. "வடுவூருக்குப் போங்க மச்சான்!" என்று முற்றமே கத்தியது. அடுத்த தடவை போன் வந்தபோது பின்னணியில் லைட் மியூசிக் காதைக் கிழித்தது. மச்சான் போனை அந்த வீடியோக்காரரிடம் கொடுத்தார். அவர் குரலில் பயம். "எதுக்குண்ணே டேப்ப கேக்குறீங்க? மாப்ள ஊட்ல தகராறா? நகை எதும் காணாமப் போச்சா?" எங்கள் தொழிலில் ஒருவன் வெட்டாத டேப்பைக் கேட்டு வந்தால் அவன் வழக்குக்காரன்தான்.

"தம்பி, தகராறு எதும் இல்ல. நானும் ஒங்கள மாதிரி கல்யாண வீடியோ எடுக்கிறவந்தான். தாலி கட்டுற எடத்துல பூ போட்டிருக்கீங்களே, பொண்ணு நிமுந்து பாத்துச்சா?"

"எத்தன கல்யாணம் எடுக்குறேன், எந்தப் பொண்ணு நிமுந்துச்சு, எது குனிஞ்சுச்சுன்னு யாருண்ணே ஞாபகம் வச்சிருக்கா?"

"சரி, அந்த முகூர்த்த டேப்பு எங்க?"

பையைத் துழாவும் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணே… அது இப்ப கேமராவுல இருக்குண்ணே."

"ஓடுதா?"

"ஓடுதே. மாப்ள பொண்ணு மேடைல நிக்கிறாங்கள்ல?"

"நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில், என்ன ஏது என்று தெரியாமலே முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கே வடுவூர் மண்டபத்தில் என் மச்சான் யாரையும் கேட்கவில்லையாம். நேராக மேடைக்கு முன்னால் போய், ஸ்டாண்டில் நின்ற கேமராவின் பொத்தானைத் தானே அமுக்கிவிட்டார். மாப்பிள்ளையின் மாமா சண்டைக்கு வந்து, மச்சானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டு, ஒருவழியாகக் கடைத்தெருவில் புது டேப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கையில் வாங்கினார். ஆனால் அதன் முன்பகுதி அழிந்து அதன்மேல் வடுவூர் ரிசப்ஷன் ஏறிவிட்டது. எவ்வளவு தூரம் அழிந்தது, தாலி கட்டிய இடம் மிச்சமிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

டேப் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் சட்டைப் பையில் துபாய் வந்தது. அதற்காகவே அந்த அம்மா ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை போனால், மன்னார்குடிக்காரர் அறை வாசலிலேயே எங்களை மறித்தார். "வேணாம் பாய். போட வேணாம்னு மேடம்கிட்ட சொல்லுங்க. பாப்பாகிட்ட கேக்கவும் மனசு வரல, மறந்துருக்கும்னு நா மனச தேத்திக்கிட்டேன். இப்ப போட்டுப் பாத்து, நெசமாவே பாக்கலன்னா?"

சொன்னேன். அந்த அம்மா சமாதானம் சொல்வார், தட்டிக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "எனக்குப் பார்த்தே ஆகவேண்டும். அவருக்கு வேண்டாம் என்றால் வெளியே நிற்கட்டும்" என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது? அப்படியே மொழிபெயர்த்தேன்.

மன்னார்குடிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எம் பொண்ண நா பாக்காம மேடம் மட்டும் பாப்பாங்களா? இது எந்த ஊரு நாயம்?" என்று சொல்லி, உள்ளே போய் டிவிக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அமெரிக்கக் கேமரா நம் ஊர் டேப்பை ஓட்டாது, அங்கே வீடியோ முறையே வேறு. என் கேமரா ஓட்டும். அத்தனை நாளும் பைக்குள் கிடந்ததை வெளியே எடுத்து, வயரை டிவியில் செருகினேன். அந்த அம்மா அன்றைக்குப் போலவே டிவிக்கு முதுகைக் காட்டி, மன்னார்குடிக்காரர் முகத்துக்கு நேராகத் தன் கேமராவை வைத்துக்கொண்டார். பொத்தானை அமுக்கினேன்.

முதலில் வடுவூர் ரிசப்ஷன். முன்பின் தெரியாத மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள், முன்பின் தெரியாத ஜனங்கள் பரிசு கொடுக்கிறார்கள். கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். "இன்னும் எத்தன பேருய்யா?" என்று ஒருவர் பல்லைக் கடித்தார். எங்கோ ஒரு மூலையில் என் மச்சானின் மொட்டைத் தலை தெரிந்தது. கேமராவை நோக்கி வேகமாக வந்தது, படம் முழுக்க அடைத்தது. டிவி ஒரு கணம் நீலமானது. அடுத்த கணம் மன்னார்குடி.

சினிமாப் பாட்டு இல்லை. பாட்டெல்லாம் சிடிக்காக மேலே ஒட்டியது. இதில் இருந்தது மண்டபத்தின் நிஜச் சத்தம். ஐயர் இருமினார், ஜெனரேட்டர் உறுமியது, ஒரு குழந்தை வீறிட்டது, "அந்த சேர நவுத்துங்க" என்று யாரோ கத்தினார்கள். தாலித் தட்டு சுற்றி வந்து முடிந்திருந்தது. அறையில் ஆட்கள் கட்டிலை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டார்கள். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் வந்தது, மேளம் இடியாக இறங்கியது. மாப்பிள்ளை குனிந்தார். மகள் நிமிர்ந்தாள்.

ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனியவில்லை. முடிச்சுகள் விழுகிற வரைக்கும், தலையில் அட்சதை கொட்டக் கொட்ட, கண்ணை எடுக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேளம் நின்றது. வீடியோக்காரர் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "அதான் முடிஞ்சிருச்சேம்மா. கேமராவ பாக்காத, குனிஞ்சுக்க."

"செத்த இருங்கண்ணே," என்றாள் மகள். "எங்கப்பா பாத்துக்கிட்டிருக்காரு."

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, டிவி தெரியவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த அம்மா, "என்ன சொன்னாள்? என்ன சொன்னாள்?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொல்வதற்குள் மன்னார்குடிக்காரர் எழுந்துவிட்டார். முகமெல்லாம் நனைந்து, வாயெல்லாம் பல்லாக, அதுவரை அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசாதவர், அவர் கையைப் பிடித்து டிவி பக்கம் திருப்பினார். "மேடம், மை டாட்டர்," என்றார். "மீ லுக்கிங், மேடம். மீ லுக்கிங். கம், யூ ஆல்சோ சீ."